ஆல்பத்தில் இல்லாத கை

தம்பி,

உன் கல்யாண ஆல்பம் ஒருவழியாக இப்போதுதான் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டை ஸ்டூடியோவிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். உன் அப்பா ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். அட்டையில் நீயும் சரண்யாவும் ஒரு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். அந்த ஏரி நம் மாவட்டத்து ஏரி இல்லை. அதில் தண்ணீர் இருக்கிறது. உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள். மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனவர்கள்கூட நான்கு படங்களில் இருக்கிறார்கள். என் கைதான் இல்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முழங்கைக்குக் கீழே ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஐந்து விரல் இருக்கிறது, மோதிரம் என்னுடையதுதான். தோல் வேறு யாருடையதோ. முழங்கையிலிருந்து நகம்வரை ஒரே சீரான மாநிறம், நன்றாக ஆற்றிய டீ மாதிரி. கழுத்தும் அப்படியே. உதட்டோரத்தில் இருந்த சின்ன வெள்ளைத் திட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தா, அழகாத்தான இருக்கு. கல்யாணமான புதுசுல நீ இப்புடித்தான் இருந்த" என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் பழைய சோறு சாப்பிட்டார்.

ஸ்டூடியோக்காரன் என்னிடம் படித்தவன். போன் போட்டேன். "டீச்சர், ஆல்பம் எப்புடி?" என்றான். நன்றாக இருக்கிறது, என் கை எங்கே என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவன் குரலில் வந்தது பெருமை. "அதுவா டீச்சர்! அண்ணன்தான் மொதல்லயே சொல்லிட்டாங்க, அம்மாவ எல்லாப் படத்துலயும் ஒரே கலராக் கொண்டாந்துருன்னு. நானே உக்காந்து ஒவ்வொண்ணாப் பண்ணேன். எந்த எடத்துலயும் ஒட்டுன மாதிரி தெரியாது, வேணும்னா லென்ஸ் வச்சுப் பாருங்க." பத்தாம் வகுப்பில் ஒரு சமன்பாட்டைக்கூடச் சமப்படுத்தத் தெரியாமல் இருந்தவன், என்னைச் சமப்படுத்திவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் செய்தான். கோபம் உன்மேல்.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று இங்கே கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன். பெங்களூரில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி? புள்ளிகள் எப்படி வருகின்றன என்று. கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் நீ ஒழுங்காக விளக்கியிருக்கிறாய். தண்ணீரில் மைத்துளி விட்டால் பரவிப் பரவிக் கடைசியில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். நீ சொன்னாய்: எப்போதும் அப்படி இல்லை. ஒரு பொருள் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது; கூடவே தன்னை அடக்குகிற இன்னொரு பொருளையும் உண்டாக்குகிறது. பெருகுவது மெதுவாக நகரும், அடக்குவது வேகமாக ஓடும். அதனால் பெருகியது அந்த இடத்திலேயே ஒரு புள்ளியாக நிற்கும். சுற்றிலும் எதுவும் தலைதூக்காது. கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி பிறக்கும். ஒரே சீராக இருந்த கரைசலில் யாரும் வரையாமல் புள்ளியும் கோடும் தாமாகவே வரும். பரவல்தான் எல்லாவற்றையும் அழித்துச் சமமாக்குகிறது என்று நினைத்தோம், அந்தப் பரவல்தான் வடிவத்தையே உண்டாக்குகிறது என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட நீ அவ்வளவு உணர்ச்சிவசப்படவில்லை.

மஞ்சள் கூழ்மத்தில் நீலப் புள்ளிகள் வரிசையாக நிற்கிற ஒரு படத்தை நீ அனுப்பினாய். ஸ்டார்ச் போட்ட கூழ்மம் என்றாய். வரிக்குதிரை, சிறுத்தை, மீன் என்று தோல்தோலாக ஒப்பிட்டு ஒரு புத்தகம் அளவுக்கு ஆய்வேடு எழுதினாய். முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று போட்டிருந்தாய். உலகத்தில் இருக்கிற எல்லாத் தோலையும் ஆச்சரியத்தோடு பார்த்த பிள்ளை, பெற்றவள் தோலைப் பார்த்ததும் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டிருக்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "ம்மா, அது வேற இது வேற. வெண்புள்ளியில நடக்குறது நிறமிச் செல் அழியிறது. என் கூழ்மத்துக்கும் ஒன் கைக்கும் சம்பந்தம் இல்ல" என்பாய். சரிதான். இரண்டையும் குழப்பினால் நானே சிவப்பு மையால் அடிப்பேன். ஆனால் நான் உன்னிடம் கேட்பது கெமிஸ்ட்ரிக் கேள்வி இல்லை. விடை தெரியாத கேள்விக்குத் தெரிந்த விடையை எழுதுவதை நீ பள்ளியிலேயே செய்வாய், நானும் பாதி மார்க் போட்டுவிடுவேன். இந்த முறை போடமாட்டேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். கோபத்தை நிறுத்தப்போகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் என் பக்கமும் திருப்புகிறேன், அவ்வளவுதான்.

உனக்கு இரண்டு வயது இருக்கும்போது என் வலது கைக் கட்டைவிரல் அடியில் முதல் வெள்ளை வந்தது. ஒரு துவரம்பருப்பு அளவு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன டீச்சர், முந்திரிப் பாலு பட்டுருச்சா?" என்று கேட்டார். நம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையை நீ பார்த்திருக்கிறாய். தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். அந்த அம்மா நல்லெண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு முந்திரிப் பால் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எம்.எஸ்ஸி. படித்தவள் அல்லவா. "இல்லங்க, லேப்ல ஆசிட் பட்டுருச்சு" என்று சொன்னேன். அவ்வளவுதான். ஆலங்குடியில் இறங்குவதற்குள் அது உண்மையாகிவிட்டது.

உலகத்திலேயே அவ்வளவு பொறுமையான கந்தக அமிலம் இருந்திருக்காது. இருபத்தெட்டு வருஷம் வலிக்காமல் பரவியது. வலது கையில் பட்டது இடது கையிலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. சேலைக்கு அடியில் புகுந்து முழங்காலுக்குப் போனது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் கையைப் பார்த்துப் பயந்தே பிள்ளைகள் ஆசிட் பாட்டிலைப் பூப்போல எடுத்தார்கள். நான் இருந்தவரை எங்கள் லேபில் ஒரு விபத்தும் இல்லை. மே மாத வெயிலிலும் நான் முழுக்கை ரவிக்கை போட்டதைத் தலைமையாசிரியர் பாதுகாப்பு உணர்வு என்று ஆண்டுவிழாவில் பாராட்டினார்.

ஆசிட் பட வேண்டும் என்றால் யாராவது பாட்டிலைத் திறந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதை நான் யோசிக்கவில்லை, ஊர் யோசித்தது. லேப் உதவியாளர் கருப்பையா திறந்து வைத்துவிட்டார் என்று முடிவானது. நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவர் ஒருநாள் பிப்பெட் கழுவிக்கொண்டே, "டீச்சர், நான் எந்த பாட்டிலங்க தொறந்து வச்சேன்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். "சரி, இருக்கட்டும் டீச்சர்" என்றார். ஓய்வு பெறும்வரை அவர் பெயரோடு அந்தப் பாட்டிலும் திறந்தே இருந்தது.

உன் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நீ என் லேபிலிருந்து கொஞ்சம் சில்வர் நைட்ரேட்டும் டைகுரோமேட்டும் திருடினாய். அடுப்படியிலிருந்து கடல்பாசி திருடினாய். டைகுரோமேட்டைக் கலந்து கடல்பாசியைக் காய்ச்சி என் எவர்சில்வர் தட்டில் ஊற்றி, இறுகியதும் நடுவில் சில்வர் நைட்ரேட் விட்டு, கொல்லையில் ஒளித்து வைத்தாய். இரண்டு நாள் கழித்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நடுவிலிருந்து செங்கல் நிறத்தில் வளையம் வளையமாக வந்திருந்தது. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் சுத்தமான இடைவெளி. "எப்புடிம்மா விட்டு விட்டு வருது? நான் ஒரே சொட்டுத்தான விட்டேன்?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "கடல்பாசி கெட்டுப்போச்சு. வீழ்படிவு ஒரே சீரா வரணும்" என்று சொல்லித் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். குரோமியத்தைத் தென்னைக்கு அடியில் கொட்டிய கெமிஸ்ட்ரி டீச்சர் நான் என்பதையும் குறித்துக்கொள். நிறம் மாறி மாறித் துடிக்கிற ஒரு வினையை முதலில் கண்டவருக்கு, இது நடக்காது, நீ கலந்ததில்தான் தப்பு என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பின்னால் நீ கோபமாகச் சொன்னபோது, நான் சட்டென்று குழம்பு தீய்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் குழம்பு இல்லை.

வளையம் பெரிய விஷயம் இல்லை. சில்வர் நைட்ரேட் பட்டு உன் விரல்கள் வெயிலில் கருத்திருந்தன. திட்டுத்திட்டாகக் கருப்பு, கழுவினால் போகாது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி வந்தது. "கைய இப்புடிக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிறியே, நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்று கத்தினேன். நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். எதிர்த்துப் பேசும் குரலில் இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னாய்: "ஒனக்கும்தானம்மா இருக்கு."

அறைந்தேன். என் கைவிரல் ஐந்தும் உன் கன்னத்தில் பதிந்தன. அந்தத் தடம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. உன் விரலில் இருந்த கருப்பு இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நீ என் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வாங்கும்போதுகூடத் தட்டைத்தான் பார்ப்பாய். நானும் அதை நல்ல பழக்கம் என்று நினைத்தேன். உன் ஆராய்ச்சிப்படியே சொல்கிறேன், சரியா என்று பார்: நம் வீட்டில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று வெட்கம், அது இருந்த இடத்திலேயே பெருகியது. இன்னொன்று 'வெளிய சொல்லாத' என்பது. அது வேகமாக ஓடி வீடு முழுக்கப் பரவியது. யாரும் வரையாமல் நாம் மூன்று பேரும் மூன்று புள்ளியாக நின்றோம். நடுவில் சுத்தமான இடைவெளி.

உனக்கும் ஒரு குழந்தை வரப்போகிறது. புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: பிள்ளையை அடிக்காதே. முக்கியமாக, அது சரியாகச் சொல்லும்போது அடிக்காதே.

இனி உன் கல்யாணக் கதைக்கு வருகிறேன். தையற்காரர் வழக்கம்போல முழுக்கைக்கு அளவெடுத்தபோது, "அரைக்கை போதுங்க" என்றேன். அவர் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. ரிட்டயர் ஆகிவிட்டேன், பிள்ளைக்குக் கல்யாணம், இனி யாருக்குப் பயந்து ஆசிட் கதை சொல்வது என்று நினைத்தேன். மண்டபத்தில் கையை மறைக்காமல் நுழைந்தேன். ஆனால் பார், ஒருவரும் மயங்கி விழவில்லை. சரண்யா தலையில் அட்சதை போட்டபோது அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய். கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அன்றைக்கு எவ்வளவு தைரியம் செலவழித்தேன் என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் ஸ்டூடியோக்காரனை வைத்து அழித்தாய்.

அதையும் பொறுத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாயே, அதைப் பொறுக்க முடியவில்லை. "ம்மா, வளைகாப்புக்கு மொத வளையல பெரியம்மா போடட்டுமே" என்றாய். நம் வீட்டில் மாமியார்தானே முதலில் சந்தனம் பூசி வளையல் போடுவது வழக்கம், ஏன் என்று கேட்டேன். "வீடியோ எடுக்குறாங்கம்மா. சரண்யா வீட்டாளுக நெறைய பேரு வாராங்க. நீ பின்னாடி நின்னு பந்தியப் பாத்துக்க, ஒனக்கும் அலைச்சல் இல்ல." என் அலைச்சலைப் பற்றி நீ கவலைப்பட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சரண்யா பேசினாள். "அத்தை, ஒங்க கையில ஆசிட் பட்டப்ப ரொம்ப வலிச்சுச்சா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். "அவுங்கதான் சொன்னாங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டாங்களே. லேப்ல ஒருத்தர் பாட்டில மூடாம வச்சுட்டாருன்னு."

தம்பி, வெண்புள்ளி உன் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று நீ பயப்படுகிறாய். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். இத்தனை மாதமாக நீ படித்துக்கொண்டிருப்பது சிறுத்தைத் தோலைப் பற்றியா, பரம்பரையைப் பற்றியா என்று எனக்கு ஊகிக்கத் தெரியாதா? என் தோல் வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது. என் பொய் உனக்கு வந்துவிட்டது. அச்சு அசலாக, பாட்டிலோடு, கருப்பையாவோடு வந்திருக்கிறது. அடுத்தது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் 'எங்க அப்பத்தாவுக்கு ஆசிட் பட்டுருச்சு' என்று சொல்லும். அதோடு என்னால் சாக முடியாது. அதனால் அன்றைக்கே சரண்யாவிடம் சொன்னேன். ஆசிட் இல்லை, வெண்புள்ளி, பெயர் இது, ஒட்டாது, வலிக்காது, பரம்பரையில் சிலருக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று. "அத்தை, அப்ப இவுங்க எங்கிட்டப் பொய் சொன்னாங்களா?" என்றாள். அவள் கேட்டது வெள்ளையைப் பற்றி இல்லை என்பதைக் கவனித்தாயா? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது உனக்கு வந்த கேள்வி.

இதுவரை எழுதியதை முதலில் கருப்பையா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "நல்லாருக்கு டீச்சர். பாட்டில் விசயத்த மட்டும் இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டுருக்கலாம்" என்றார். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூடி வைத்தே பழகிவிட்டோம்.

ஆல்பத்தை என்ன செய்தேன் என்று கேட்பாய். விடைத்தாள் திருத்துகிற மேஜையில் பழைய ஒயிட்னர் பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் என் வெள்ளையை நானே திரும்ப வைத்தேன். இடது கை சுலபம். அதை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வரையலாம். வலது கைக்கு, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்து, பிறகு எடுத்து வரைய வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆனது. நிறம் பொருந்தவில்லை, என்னுடையது கொஞ்சம் ரோஸ் கலந்தது. ஆனால் ஓரங்கள் சரியாக இருக்கின்றன. என் கையை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. மணிக்கட்டில் ஒரு தீவு இருக்கிறது; நடுவில் பழைய நிறம் அப்படியே ஒரு சொட்டு நிற்கிறது. நீ பார்த்தால் உன் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவாய்.

ஒரே ஒரு படத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறேன். நடுப்பக்கம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிந்த பெரிய படம். உங்கள் தலைக்கு மேல் என் இரண்டு கையும் அட்சதையோடு நிற்கிறது. அதை நீ வரைய வேண்டும். நினைவிலிருந்து உன்னால் வரைய முடியாது. பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நீ பார்க்கவே இல்லை. அதனால் வளைகாப்புக்கு முதல் நாளே வா. காலை பஸ்ஸில் வந்தால் நல்ல வெளிச்சம் இருக்கும். வரும் வழியில் கருப்பையா வீட்டில் இறங்கி ஒரு வார்த்தை பேசிவிட்டு வா. சரண்யாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடு. நான் முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்த்துப் பார்த்து வரை. மறுநாள் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு முதல் வளையலை நான் போடுவேன், வீடியோக்காரரை என் எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒயிட்னர் பாட்டிலின் மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் பழைய பாட்டில், சீக்கிரம் காய்ந்துவிடும்.

அம்மா